எழுந்து போகாமல் கேட்ட பாட்டு

அக்கா,

பீரோவைத் திறந்ததும் அந்துருண்டை வாசனை. பாடகர் குழுவுக்கென்று நாம் இருவரும் ஒரே கடையில் எடுத்த வெள்ளைப் புடவை, மடிப்புக் கலையாமல் கிடக்கிறது. நாளை ஞாயிறு, கட்டிக்கொள்ளலாம் என்று எடுத்தேன். கட்டில்மேல் வைத்துவிட்டு உங்களுக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் போய் ஒரு மாதம் ஆகிறது. எனக்கு இன்னும் அழுகை வரவில்லை.

நம் போத்தனூர் சபைக்கு டிரம் செட் வந்த வாரம் நினைவிருக்கிறதா? உங்களுக்கு உயிரான ஞானப்பாட்டை வாலிபர்கள் புது மெட்டில் எடுத்தார்கள். முதல் அடி முடியவில்லை, நீங்கள் பாட்டுப் புத்தகத்தைப் பட்டென்று மூடிவிட்டு நடுவழியே நடந்து வெளியே போனீர்கள். பின்னாலேயே வந்து வாசலில் பிடித்தேன்.

"ஏனுங்க அக்கா, இந்த மெட்டுல பாடுனா ஆண்டவருக்குக் கேக்காதுங்களா?"

"அவருக்குக் கேக்கும் கண்ணு. என்னாலதான் கேக்க முடியலை."

நான் சிரித்துவிட்டேன். நீங்கள் சிரிக்கவில்லை.

அதன்பின் அடுத்த தெருச் சபைக்குப் போனீர்கள். அங்கே பிரசங்கம் நீளம். அதற்கடுத்த சபையில் கைதட்டல் அதிகம். கடைசியில் வீட்டிலேயே, போனில் ஆராதனை. பிடிக்காத பாட்டு வந்தால் விரலால் தள்ளிவிடுவீர்கள். எதையும் உதாரணத்தோடு சொன்னால்தான் எனக்குத் திருப்தி. "அறுப்புப் பண்டிகைச் சாப்பாட்டுல குழம்பு காரமா இருந்தா பந்தியை உட்டு எந்திரிச்சா போறோம்? தண்ணியக் குடிச்சுட்டுச் சாப்பிடறமல்லங்க?" என்றேன் ஒருமுறை.

"ரிட்டயர் ஆகியும் பாடம் எடுக்கறத உடமாட்டயே நீ" என்றபடி காப்பி கொடுத்தீர்கள். ஞாயிற்றுக்கிழமை வரவில்லை.

உங்கள் வீட்டுக்கார அண்ணனை அடக்கம் செய்த நம் சபைக் கல்லறைத் தோட்டத்திலேயே உங்களுக்கும் இடம் கொடுத்தார்கள். பழைய பாடகர் குழுவில் ஊரில் மிஞ்சியது நான் ஒருத்தி. அதனால் வாலிபர்கள்தான் கிடாரோடு வந்து நின்றார்கள். உங்கள் மகள் அந்தப் பாட்டையே பாடச் சொன்னாள். அவர்களுக்குத் தெரிந்தது புது மெட்டு மட்டும். நிறுத்தச் சொல்ல வாயெடுத்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பாடட்டும் உடுங்க டீச்சர். ஒரு தடவையாச்சும் அம்மா எந்திரிச்சுப் போகாம கேக்கட்டும்."

பாடினார்கள். நான் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிடித்ததா இல்லையா என்று சொல்லத் தெரியவில்லை. அன்றிலிருந்து எந்தப் பாட்டும் அப்படித்தான். சபையில் மற்றவர்கள் எழுந்தால் எழுகிறேன், அவர்கள் பாடினால் வாயைத் திறக்கிறேன். மனதில் ஒன்றுமே ஓடாத நாட்களிலும் போய் உட்கார ஒரு பெஞ்சு வேண்டியிருக்கிறது அக்கா. எனக்குப் பிடித்த இடமாகத் தேடிக்கொண்டிருந்தால், எதுவுமே பிடிக்காத இப்போது எங்கே போயிருப்பேன்?

உங்களுக்காக அந்தப் பழைய மெட்டை ஒருமுறை பாடிவிடலாம் என்று நேற்று சமையலறையில் நின்று முயன்றேன். வரவில்லை. ராகத்தை எடுப்பது எப்போதும் நீங்கள். அதற்கு அடியில் சேர்ந்து போகும் கீழ்க்குரல்தான் என்னுடையது. அதை மட்டும் தனியாகப் பாடினால் என்ன பாட்டென்று யாருக்கும் தெரியாது. அது அப்படியே இருக்கிறது என்னிடம், ஓரிடம்கூட மறக்காமல்.