அறுபதாவது கேள்வி

என் அன்பு மனைவிக்கு,

நான் நலம். உன் முதுகுவலி தேவலையா? அம்மாவுக்குக் கண் சொட்டு மருந்தை மறக்காமல் விடு.

கிடங்கில் மேனேஜர் வேலைக்குத் தகுதித் தேர்வு வைத்தார்கள். கணினியில் அறுபது கேள்விகள். கடைசிக் கேள்வி, இரண்டு தொழிலாளர்கள் அடித்துக்கொண்டால் என்ன செய்வீர்கள் என்பது. படமென்றால் சண்டை முடிந்ததும் பாட்டு வரும் என்று யோசித்தபடி, என்னையறியாமல் ஒரு பாட்டை முணுமுணுத்திருக்கிறேன். பாட்டு வந்தாலே அதை ஓட்டித் தாண்டிவிடுகிற நான்தான்.

பக்கத்தில் கிரேன் ஓட்டுநர். இரண்டு முறை இதே தேர்வில் தோற்றவர். "வாய மூடுறியா, நான் மூடட்டுமா?" என்றவர், கீபோர்டைப் பிடுங்கி என் வாயிலேயே அடித்தார். நான் நாற்காலியைத் தூக்கி அவர் முகத்தில் அடித்தேன். விழுந்த பிறகும் இரண்டு அடி. பயப்படாதே, எனக்குப் போனது ஒரு பல்தான். அவருக்குத் தாடை.

மற்றவர்கள் பிரித்துவிட்டதும் உட்கார்ந்து, 'பேசிச் சமாதானம் செய்வேன்' என்ற பதிலை அழுத்தினேன். 'மிகவும் நிதானமானவர்' என்று முடிவு வந்தது. முதலில் அடித்தது அவர் என்பதால் எனக்கே வேலை. நான் போட்ட முதல் கையெழுத்து, அவரை நீக்கும் கடிதத்தில்.

துணி மடிக்கும்போது பாடுவாயே, அதைப் போனில் பதிந்து அனுப்பு. சத்தமாகவே பாடு. சாப்பாட்டு மேஜையில் இப்போது என் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை.

மணி அடித்துவிட்டது, போகிறேன்.

உன் வீட்டுக்காரன்