கயிறு கட்டிய குட்டை லீவர்

என்னைச் சேற்றில் இறக்கித் தள்ளவிட்டு, உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங் பிடித்த என் பிரியமான முனுசாமிக்கு,

நீ போய் இரண்டு மாதம் ஆகிறது. அழுது முடித்துவிட்டேன். இப்போது உன்மேல் சந்தேகம் வந்திருக்கிறது. செத்தவனைச் சந்தேகப்படக் கூடாது என்பார்கள். நீ இருந்தபோது படாததையெல்லாம் இப்போது சேர்த்துப் படுகிறேன், பொறுத்துக்கொள்.

மார்கழி பிறந்தும் பழவேற்காட்டில் மழை விடவில்லை. இறால் கூடைகளை ஏற்றிக்கொண்டு பொன்னேரி ஸ்டேஷனுக்கு நானேதான் வண்டி ஓட்டுகிறேன். பட்டாளத்தில் கழித்துவிட்ட பிக்கப்பை ஏலத்தில் எடுத்து, பட்டாளத்திலிருந்து வந்த உன்னை டிரைவராகச் சேர்த்தேனே, அதே வண்டிதான். பெரிய கியருக்குப் பக்கத்தில் நீ சணல் கயிற்றால் கட்டிவைத்த குட்டை லீவரும் அப்படியே இருந்தது. "அது பீரங்கி இழுக்கறதுக்கு மொதலாளி. தொட்டா கியர்பாக்ஸ் பூடும்" என்றாய். அன்றிலிருந்து அதன் பக்கம் என் முழங்கால்கூடப் படாமல் பார்த்துக்கொண்டேன்.

இத்தனை நாள் ஆட்கள் தள்ளி எப்படியோ ஏறிவந்த அந்தக் களிமண் பள்ளத்தில் போன வியாழக்கிழமை வண்டி மாட்டிக்கொண்டது. பின்சக்கரம் இரண்டும் சுற்றிச் சுற்றிக் குழி தோண்டின. கூலியாட்கள் நாலு பேர் தள்ளியும் அசையவில்லை. ஐஸ் உருகிக் கூடைகள் ஒழுகின. ரயிலை விட்டால் அத்தனை இறாலும் குப்பைக்குத்தான்.

கூடைகளுக்கு நடுவில் உன் மனைவி கன்னியம்மா உட்கார்ந்திருந்தாள். நீ போன பிறகு அவள் பொன்னேரிச் சந்தையில் கருவாடு விற்கிறாள், என் வண்டியில்தான் வருகிறாள். எட்டிப் பார்த்து, அடுப்பில் விறகைத் தள்ளச் சொல்வதுபோலச் சொன்னாள்.

"இன்னா பாய், சொம்மா உறுமிக்கினே இருக்கீங்க? கயித்த அவுத்துட்டு அந்தக் குட்டத் தடிய முன்னால தள்ளுங்க. முன்சக்கரமும் சேந்து இழுக்கும்."

அவிழ்த்தேன். கிளட்ச்சை மிதித்துத் தள்ளினேன். குளத்திலிருந்து எருமை ஏறுவதுபோல வண்டி மெதுவாக ஏறிவிட்டது. தள்ளியவர்கள் தங்கள் பலத்தைத் தாங்களே மெச்சிக்கொண்டார்கள். இத்தனை வருஷம் நானும் அப்படித்தானே மெச்சிக்கொண்டேன்? "பின்னால போய்த் தள்ளுங்க மொதலாளி, உங்க கை பட்டாத்தான் ஏறும்" என்பாயே. நீ உள்ளே என்ன செய்கிறாய் என்று நான் பார்த்துவிடக் கூடாது என்றுதானே?

கெட்டி ரோட்டுக்கு வந்ததும், முன்சக்கரமும் சேர்ந்து இழுத்ததில் ஸ்டியரிங் கல்லாய்க் கனத்தது. லீவரைப் பழைய இடத்துக்கு இழுத்தால் வரவில்லை. "கொஞ்சம் ரிவர்ஸ்ல எடுங்க பாய், வந்துரும்" என்றாள். எடுத்தேன், வந்துவிட்டது. தலையைத் திருப்பிப் பார்த்தால் எதிரே எல்லையம்மன் கோயில்.

அங்கேதான் எனக்கு எல்லாம் விளங்கியது. அதே இடத்தில் நீ வண்டியை நாலடி பின்னால் எடுப்பாய். "சேத்துல காப்பாத்துனவளுக்கு ஒரு கும்புடு மொதலாளி" என்பாய். உன் சாமிக்குச் செய்கிற மரியாதை என்று நானும் பேச்சை நிறுத்திவிட்டுத் தொப்பியைச் சரிசெய்துகொள்வேன். நீ போன பிறகும் உன் வழக்கம் கெடக் கூடாது என்று, லீவரைத் தொடாமலே, ஒருநாள் தவறாமல் அங்கே பின்னால் எடுத்தேனே! மேலேயிருந்து பார்த்துச் சிரித்தாயா?

அதன் பிறகு நீ சொன்னது ஒவ்வொன்றையும் சந்தேகப்பட ஆரம்பித்தேன். உலகச் சண்டையின்போது இத்தாலியில் முழங்கால் ஆழப் பனியில் வண்டி ஓட்டினேன் என்றாயே. நம்ம ஊர் மார்கழிக்கே மஃப்ளர் கட்டுகிறவன் எப்படியடா ஓட்டினாய் என்று கேட்டேன். "நாலு காலும் தரைய புடிக்கணும் மொதலாளி" என்று ஆரம்பித்தவன், சட்டென்று வாயை மூடிக்கொண்டாய். பனிதான் பொய் என்று அன்றைக்கு நினைத்தேன்.

பொன்னேரியில் கூடை இறக்கும்போது கன்னியம்மாவைக் கேட்டுவிட்டேன். "ஒங்கிட்ட சொல்லிருக்கான். எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா அவர வேலைல வச்சிக்கினு இருந்திருப்பீங்களா?"

"இன்னா பேச்சு பேசற? அவன் எனக்குக் கூடப் பொறந்தவனாட்டம்."

"இருக்கலாம் பாய். அன்னிக்கி உங்க ஊட்டு ஜன்னலாண்ட அவரு வண்டிக்குத் தண்ணி ஊத்திக்கினு இருந்தாராம்." கருவாட்டுக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

எந்த நாளைச் சொன்னாள் என்று எனக்குத் தெரியும். நீ சேர்ந்த இரண்டாம் வருஷம் என் தங்கை புருஷன் வந்து, வண்டியை நான் ஓட்டுகிறேன் என்று கேட்டான். "எனக்கும் ஆசைதான். ஆனா சேத்துல முனுசாமியாட்டம் எவனாலும் ஓட்ட முடியாது. இந்தச் சேறு மட்டும் இல்லன்னா அவன் எனக்கு எதுக்கு?" என்றேன். அந்தக் கயிறு முதல் வருஷம் இல்லை என்பது இப்போதுதான் ஞாபகம் வருகிறது.

மூன்று நாளாக என்னை நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன். லீவரைப் பற்றிச் சொல்லியிருந்தால் உன்னை வைத்திருப்பேனா? மாட்டேன் முனுசாமி. ஒரு சட்டைத் துணியைக் கொடுத்து, கையைப் பிடித்துக்கொண்டு, நல்ல வார்த்தை நாலு சொல்லி அனுப்பியிருப்பேன். உன்மேல் ஏறின சந்தேகம் சுற்றிவந்து என் வீட்டு ஜன்னலில்தான் நிற்கிறது.

ஐப்பசியில் காய்ச்சலோடு வந்தாயே. உடம்பு அனலாய்க் கொதித்தது. போய்ப் படுடா, நான் ஓட்டுகிறேன் என்றேன். "வேணாம் மொதலாளி, சேத்துல உங்களால ஆவாது" என்று என் கையைத் தட்டிவிட்டு ஏறி உட்கார்ந்தாய். மழையில் மூன்று நாள் ஓட்டினாய், நாலாம் நாள் எழுந்திருக்கவில்லை. விசுவாசம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். பயமா முனுசாமி அது? என் பக்கத்திலேயே உட்கார்ந்து எட்டு மழைக்காலம் என்னைப் பார்த்தா பயந்தாய்?

கயிற்றை ஏரியில் எறிந்துவிட்டேன். இனி இந்த வண்டியில் எவன் உட்கார்ந்தாலும் முதல் வேலையாக அந்த லீவரைக் காட்டி, எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவன் முனுசாமி என்று சொல்வேன். கன்னியம்மா இனிமேல் கூடைகளுக்கு நடுவில் உட்கார்ந்து வரமாட்டாள், முன்சீட்டில்தான் வருவாள். எல்லையம்மன் கோயிலெதிரே மழை இருந்தாலும் இல்லாவிட்டாலும் நாலடி பின்னால் எடுப்பேன். இது சத்தியம்.

மச்சான் என்று கூப்பிடு என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன்! கடைசிவரை மொதலாளி என்றே கூப்பிட்டாய். ஏன் என்று இப்போது தெரிகிறது. இருந்தாலும், நீ கூப்பிடாமலே கையெழுத்துப் போடுகிறேன்.

உன் மச்சான்,
காதர்