சைக்கிளை விட்டு இறங்காத நாள்

செப்டம்பர் 14, ஞாயிறு இரவு

நித்திரை வரவில்லை. இன்று நான் பொலிஸ்காரரைக் கடந்து, இறங்காமல் சைக்கிளில் போனேன்!

சண்டைக் காலத்தில் ஊரில், வாகரைப் பக்கம், வேடர் பெண்கள் நாங்கள் தேனுக்கும் கிழங்குக்கும் காட்டுக்குள் போவதென்றால் ஆமியின் சென்றிக் காவலரணைத் தாண்ட வேண்டும். கையில் பாஸ் இருந்தாலும் தூரத்திலேயே இறங்கி, சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் போக வேண்டும். ஏறி ஓடினால் சுடுவார்கள். லண்டனுக்கு வந்து இத்தனை வருடமாகியும் சீருடையைக் கண்டால் என் கால் தானாக நிலத்தில் ஊன்றிவிடும். கார்களுக்குத் தண்டம் எழுதுகிற மனிதருக்குக்கூட ஒருமுறை இறங்கியிருக்கிறேன்.

இன்று மன்னார் மேரி அக்கா பூசை முடிந்து வந்ததும், மோர்டனிலிருந்து டூட்டிங்குக்கு இருவரும் மீன் வாங்கப் போனோம். வழியில் இரண்டு பொலிஸ்காரர் நின்றார்கள். என் கால் இறங்கப் பார்த்தது.

பின்னால் வந்த அக்கா கத்தினா: “இறங்காதையடி! மிதி! மிதி!”

மிதித்தேன். ஒருவன் கோப்பி குடித்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எனக்குக் கூவ வேண்டும் போலிருந்தது. கூவினேன்!

“அக்கா, பாத்தீங்களா?” என்று திரும்பினேன்.

அக்கா சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்து வந்துகொண்டிருந்தா.

“வாய் சொல்லுது, கால் கேக்குதில்லையடி!”

நடுரோட்டில் நாங்கள் சிரித்த சிரிப்பில்தான் அந்தப் பொலிஸ்காரன் நிமிர்ந்து பார்த்தான்.

வருகிற ஞாயிறு அக்கா முன்னுக்குப் போகட்டும். பின்னால் நின்று கத்த நான் இருக்கிறேன்.