வால் இல்லாத பேச்சு

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து மழை. துணி காயவில்லை. பச்சை அட்டை போட்ட இந்த நோட்டு ஆபீஸிலிருந்து எடுத்து வந்தது. அடுத்த வாரம் வியாழக்கிழமை கிளினிக். போன தடவை டாக்டரிடம் "எனக்கு என்னமோ சரியில்லைன்னு தோணுது" என்று சொல்லி, "என்ன சரியில்லை?" என்று கேட்டதும் முழித்தேன். இந்த முறை தேதியோடு சொல்லணும்.

முதல் பக்கம் என்பதால் ஒழுங்காக: டொமினிக். என் தம்பி. வயது 39. மனச்சிதைவு நோய் என்று சொல்லி ஒன்பது வருஷம். அதற்கு முன்னால் மாக் மண்டின் வட்டாரத்துத் தொழிற்சாலையில் மெஷின் டெக்னீஷியன். இரண்டு தடவை வார்டு. அம்மா போன பிறகு என்னோடு ஜெலுத்தோங் ஃப்ளாட்டில், பதினோராவது மாடி. இப்போது காலையில் மட்டும் கீழே டோபிக் கடையில் துணி மடிக்கிற வேலை. நான் ஸ்டெல்லா, அவன் அக்கா, கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. அது இங்கே தேவையில்லை.

சந்தேகங்கள்:
மருந்து சாப்பிடும் நேரம் பாத்ரூமில் குழாய் திறந்திருக்கும் சத்தம்.
மெத்தைக்கு அடியில் ஒரு படம் வரையும் புக். நான் அறைக்குள் போனால் மூடிவிடுகிறான்.
நான் பேசும்போது கண்ணைப் பார்ப்பதில்லை. வாயையே பார்க்கிறான். பொய் சொல்கிறவன் பார்வை மாதிரி.
சனிக்கிழமை வகுப்பு. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்குப் பக்கத்துச் சந்தில், கடைவீட்டு மாடி. காமிக்ஸ் வரையக் கற்றுத் தருகிறார்களாம், அதுவும் மனநோய் உள்ளவர்களுக்கு மட்டும். யார் நடத்துகிறார்கள்? எதற்கு?

ஜூலை 9, புதன்

வெயில். துணி காய்ந்தது.

"மருந்து சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்க்கா."

வாயைத் திற என்று சொல்ல வந்து அடக்கிக்கொண்டேன். மாத்திரை எண்ணிக்கை சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் குழாய்த் தண்ணீரில் கழுவி விட்டாலும் எண்ணிக்கை சரியாகத்தான் இருக்கும். இரண்டு வருஷம் முன்பு பழைய ஷூவுக்குள் இருபத்து மூன்று மாத்திரை கண்டெடுத்தவள் நான். அதற்கு நாலாம் நாள் வார்டு. அவன் லிஃப்டோடு சண்டை போட்டது, பக்கத்து வீட்டுச் சீனக் கிழவி கதவைச் சாத்திக்கொண்டது, போலீஸ்காரன் என்னிடம் "உன் புருஷனா?" என்று கேட்டது. இன்னொரு தடவை என்னால் முடியாது.

ஃப்ரிட்ஜுக்கு மேல் பிஸ்கட் டின்னில் பழைய மருந்து இரண்டு அட்டை. டாக்டர் மாற்றுவதற்கு முன்னால் கொடுத்தது. தேதி இன்னும் முடியவில்லை. ஒன்றைக் கரண்டியின் பின்பக்கத்தால் நசுக்கி, சாயங்கால மைலோவில். இரண்டு கரண்டி சீனி கூட. குடித்தான்.

அவன் நல்லதுக்குத்தான். ஒழுங்காகச் சாப்பிட்டால் நான் ஏன் இதைச் செய்யப் போகிறேன்.

ஜூலை 11, வெள்ளி

நேற்றும் இன்றும் போட்டேன். ஆபீஸில் சரக்குக் கப்பல் லேட், கத்தல், மண்டையிடி.

டொமினிக் ஏழு மணிக்கே தூங்கிவிட்டான். நல்லது. மருந்து வேலை செய்கிறது. அப்படியானால் இதுவரை சாப்பிடவில்லை என்றுதானே அர்த்தம்?

ஜூலை 12, சனி

பின்னால் போனேன். வெட்கம்தான். ஆனாலும் போனேன். அவன் ஏறின பஸ்ஸுக்கு அடுத்த பஸ். சந்து முனையில் நாசி கண்டார் சோற்றுக் கடை வரிசையில் நின்றுகொண்டு பார்த்தேன். மாடிக்கு ஏறினவர்கள் ஆறு பேர். ஒரு மலாய்க்கார அம்மா, காலேஜ் பெண் மாதிரி ஒருத்தி, தொப்பி போட்ட கிழவர். பார்த்தால் யாருக்கும் ஒன்றும் இல்லாத மாதிரி.

பத்து நிமிஷத்தில் ஒரு பெண் கடையில் குடிக்கத் தே வாங்க இறங்கி வந்தாள். முப்பது வயது இருக்கும். நேரே என்னிடம்.

"அக்கா, நீங்க டொமினிக் அண்ணனோட அக்காதானே? மேல வாங்களேன்."

"என்னை எப்படித் தெரியும்?"

"அண்ணன் உங்களை வரைஞ்சிருக்காரு. அப்படியே இருக்கீங்க."

பெயர் தர்ஷினி. அவள்தான் வகுப்பு நடத்துகிறாள். யுனிவர்சிட்டியில் படிக்கும்போது அவளுக்கே மன அழுத்தம் வந்து ஒரு வருஷம் வீட்டோடு கிடந்தாளாம். வாயால் சொல்ல முடியாததைக் கட்டம் கட்டமாக வரைந்து அம்மாவிடம் கொடுத்தாளாம். "அப்பதான் அம்மாவுக்குப் புரிஞ்சிச்சுக்கா." நான் கேட்கவில்லை, அவளே சொன்னாள். கேட்காமல் இவ்வளவு சொல்கிறவர்களை எனக்குப் பிடிக்காது.

"எங்க குடும்பத்தை புக்குல போடப் போறீங்களா?"

"ஐயோ இல்ல லா அக்கா. அவர் கேட்டாத்தான். அதுக்கும் உங்ககிட்ட கேப்பேன்."

மாடிக்குப் போகவில்லை. வரைந்திருக்கிறானாம். எப்படி வரைந்திருக்கிறான்? என்ன செய்கிற மாதிரி?

ஜூலை 13, ஞாயிறு

சர்ச்சில் பூசை. பயங்கர வெக்கை, கோயில் மின்விசிறி ஒன்று ஓடவில்லை. ஃபாதரிடம் நன்மை வாங்கும்போது டொமினிக் கை நடுங்கியது. அப்பம் விழப் போனது, ஃபாதர் பிடித்தார். உதட்டோரம் எச்சில். நான் கைக்குட்டையை நீட்டினேன்.

பின் வரிசையில் ஆக்னஸ் ஆன்ட்டி, மகளோடு சிம்பாங் அம்பாட்டுக்குக் குடிபோன பிறகும் பூசைக்கு இங்கேதான் வருகிறவர், யாரிடமோ: "அந்தத் தம்பிக்கு மறுபடியும் ஆரம்பிச்சிருச்சு போல. பாவம் ஸ்டெல்லா."

ஆமாம், ஆரம்பித்துவிட்டது. நான் பயந்த மாதிரியே. ஒரு மாத்திரை போதவில்லை. இன்றிலிருந்து இரண்டு.

ஜூலை 15, செவ்வாய்

பல்வலி என்று ஆபீஸுக்குப் பொய். டொமினிக் டோபிக் கடைக்குப் போன பிறகு மெத்தையைத் தூக்கினேன்.

புக்கைப் படித்தேன். படித்த வரிசையிலேயே எழுதி வைக்கிறேன்.

கறுப்பு மையில் கட்டங்கள். ஒரு ஆள் நாற்காலியில். அவன்தான், முன் வழுக்கையோடு. காமிக்ஸில் பேச்சை ஒரு பலூனுக்குள் எழுதுவார்களே, அதிலிருந்து ஒரு வால் பேசுகிறவர் வாய்க்குப் போகும். இந்தப் படத்தில் பலூன்கள் நிறைய. மின்விசிறிக்குப் பக்கத்தில் ஒன்று, குழாய்க்குப் பக்கத்தில் ஒன்று, லிஃப்ட் முழுக்க. எதற்கும் வால் இல்லை. 'எந்திரி.' 'உன்னைத்தான்.' 'அவளுக்குத் தெரியும்.' குழாயைத் திறக்கிறான். தண்ணீர்ச் சத்தத்தில் பலூன்கள் சின்னதாகின்றன. கையில் மாத்திரை. விழுங்குகிறான். தெளிவாக வரைந்திருக்கிறான், தொண்டை வரைக்கும்.

குழாய் அதற்குத்தானாம்.

அடுத்த பக்கம். ஒரு பொம்பளை கதவைத் திறக்கிறாள். என் கண்ணாடி, என் கொண்டை, என் பெரிய மூக்கு. "சாப்பிட்டியா?" அந்த பலூனுக்கு வால் இருக்கிறது. என் வாய்க்குப் போகிறது. கீழே சின்ன எழுத்தில்: 'அக்கா பேசினா வாயைப் பார்ப்பேன். வாய் அசைஞ்சா அது நிஜமான குரல்.'

ஒன்பது வருஷமாக என் வாயைப் பார்க்கிறான். ஒன்பது வருஷமாக நான் அதைத் திருட்டுப் பார்வை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடைசியாக வரைந்த பக்கம். சமையலறை, கதவு இடுக்கிலிருந்து பார்க்கிற மாதிரி. ஒரு கை. கரண்டியின் பின்பக்கம். தூள். மைலோ கப். என் மோதிரம்கூட இருக்கிறது. பேச்சே இல்லை. அடுத்த கட்டத்தில் அந்த ஆள் கப்பைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். அடுத்ததில் குடிக்கிறான். கீழே: 'யாரும் ஒண்ணும் சொல்லல. அக்கா அப்படிச் செய்ய மாட்டா. இதுவும் நோய்தான்.'

புக்கை எடுத்த இடத்திலேயே வைத்தேன். மெத்தையைச் சரி செய்தேன்.

முதலில் வந்தது கோபம். என்னை ஒளிந்து பார்த்திருக்கிறான்! அதற்கப்புறம்தான் மற்றதெல்லாம். அழவில்லை. சோறு வடித்தேன்.

சாயங்காலம் மைலோவில் ஒன்றும் போடவில்லை. அவன் இன்றும் கப்பைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் குடித்தான். சொல்லணும். சொல்லவில்லை.

ஜூலை 16, புதன்

சொல்லவில்லை. பிஸ்கட் டின்னைக் காலி செய்தேன். மாத்திரைகளை ஆபீஸுக்கு எடுத்துப் போய் அங்கே குப்பையில். வீட்டுக் குப்பையில் போட்டால் பார்த்துவிடுவான் என்று. இப்போது ஒளித்து வைக்கிறது யார்?

ஜூலை 17, வியாழன்

கிளினிக். இரண்டு மணி நேரம் காத்திருப்பு. என் பையில் இந்த நோட்டு, அவன் பையில் அந்த புக்.

லேடி டாக்டர், புதியவர். பேசினதெல்லாம் மலாயில், நான் தமிழில் எழுதுகிறேன். டொமினிக் கையை நீட்டச் சொன்னார். நடுக்கம். முழங்கையை மடக்கிப் பார்த்தார், விறைப்பு. "எத்தனை நாளா?" "ஒரு வாரமா" என்றான் டொமினிக்.

அவனே புக்கை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்து மேஜையில் வைத்தான்.

"டாக்டர், எனக்கு முத்திப் போச்சு. எங்க அக்கா குடிக்கிறதுல எதையோ கலக்குற மாதிரி தெரியுது. கண்ணாலயே பார்த்தேன். ஆனா அது உண்மை இல்லைன்னு தெரியும். மருந்தைக் கூட்டிக் குடுங்க. வார்டு வேணும்னாலும் போறேன்."

டாக்டர் படத்தை நன்றாகப் பார்த்தார். "இப்படிக் காட்டினது நல்லது" என்றார். கம்ப்யூட்டரில் தட்ட ஆரம்பித்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும், எல்லாம் நோய்க் கணக்கில் போய்விடும். ஒருத்தருக்கும் தெரியாது. அவனே நம்பமாட்டான். இதை நான் நினைத்தேன். எழுதி வைக்கிறேன்.

"டாக்டர், அது உண்மை."

தட்டுகிற சத்தம் நின்றது.

"நான்தான் போட்டேன். பழைய மாத்திரை. ஆறு நாள். மொத்தம் எட்டு."

டாக்டர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம், எந்த நேரம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். பிறகு, "இந்த நடுக்கம் நோயால வந்தது இல்லை. நீங்க குடுத்ததால வந்தது. இதயத்தைப் பாதிச்சிருக்கலாம். நீங்க சொல்லலைன்னா நான் இப்ப இன்னும் கூட்டிக் குடுத்திருப்பேன்" என்றார். உடனே ரத்தம், ஈ.சி.ஜி. எழுதினார்.

டொமினிக் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, திரும்பச் சொல்லு."

"நான்தான் போட்டேன்."

"நிஜமாவா?"

"நிஜமா."

அவன் முகம் லேசானது. சிரித்தான் என்றே சொல்லணும். "அப்ப எனக்கு முத்தல." டாக்டரைப் பார்த்து மலாயில்: "எனக்கு முத்தல டாக்டர். நான் பார்த்தது சரிதான்."

கோபம் பஸ் ஸ்டாப்பில்தான் வந்தது. நான் ஏறின பஸ்ஸில் அவன் ஏறவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

ரிப்போர்ட் பயப்படும்படி இல்லை. நடுக்கம் குறைய நாளாகும் என்று ஃபோனில் சொன்னார்கள். மருந்து இனி அவன் பொறுப்பு, வார மாத்திரைப் பெட்டியை நான் தொடக் கூடாது. டாக்டர் உத்தரவு.

பேச்சு கிடையாது. பூசைக்கு வரவில்லை. டின் பானம் வாங்கி வைத்துக்கொள்கிறான், அவனே திறந்து குடிக்கிறான். சோற்றைக் கடையில் வாங்கிக் கட்டிக்கொண்டு வருகிறான். மீன் கறி வைத்தேன், மிஞ்சிப் போனது.

குழாய்ச் சத்தம் கேட்டதும் எழுந்துவிட்டேன். கதவு வரை போய், திரும்பி வந்து உட்கார்ந்தேன். காரணம் தெரிந்த பிறகும் கால் போகிறது. ஒருவேளை படத்தில் இருப்பது பொய்யோ, உண்மையில் துப்புகிறானோ என்று மனசு ஆரம்பிக்கிறது. எனக்கு என்ன வியாதி இது? எனக்கு யார் மாத்திரை கொடுப்பது?

ஜூலை 24, வியாழன்

தர்ஷினி ஃபோன். வகுப்பில் வரைந்ததை எல்லாம் ஒரு நாள் சுவரில் மாட்டி வைக்கிறார்களாம். டொமினிக் அந்த சமையலறைப் பக்கத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறான். "நீங்க வேண்டாம்னா மாட்ட மாட்டோம்க்கா."

வேண்டாம் என்று சொல்ல வாய் வரை வந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

அவன் அறை வாசலில் நின்றேன். உள்ளே போகவில்லை. ஒரு வாரத்துக்குப் பிறகு பேச்சு.

"என்னைப் பழி வாங்குறியா?"

யோசித்தான். "கொஞ்சம்."

"மீதி?"

"ஒன்பது வருஷமா நான் வாயால சொல்றதை யாரும் நம்புனதில்ல. நீகூட. படம் போட்டாத்தான் நிதானமா பார்க்கிறாங்க. அந்த டாக்டரும் பார்த்தாங்கல்ல."

"அவங்களும் முதல்ல நோய்னுதானே நெனச்சாங்க."

"நானும்தான் நெனச்சேன்" என்றான். புக்கைப் பார்த்துக்கொண்டே. "அதான்க்கா எனக்குக் கஷ்டமா இருக்கு. என் கண்ணையே நான் நம்பல. உன்னை நம்புனேன்."

சுவரில் மாட்டிக்கொள் என்றேன்.

ஆகஸ்ட் 2, சனி

மழை விட்டு வெயில். கடைவீட்டு மாடி, மரப்படி செங்குத்து. கூட்டம் முப்பது பேருக்கு மேல். தர்ஷினி கறிபாப் தட்டோடு ஓடிக்கொண்டிருந்தாள். பள்ளிவாசலில் பாங்கு கேட்டபோது எல்லோரும் பேச்சைக் கொஞ்சம் குறைத்தார்கள்.

மலாய்க்கார அம்மா தன் கவலையை ஒரு பூனையாக வரைந்திருக்கிறாள், ஒவ்வொரு கட்டத்திலும் பெரிதாகி, கடைசியில் கட்டத்துக்குள் அடங்காமல். தொப்பிக் கிழவர் வெறும் படிக்கட்டுகள். ஒவ்வொன்றாக நின்று பார்த்தேன். டொமினிக் பக்கத்துக்கு மட்டும் போகவில்லை, தூரத்திலிருந்து பார்த்தேன். யார் நிற்கிறார்கள், எவ்வளவு நேரம், என்னைத் திரும்பிப் பார்க்கிறார்களா. மோதிரத்தை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தேன்.

ஆக்னஸ் ஆன்ட்டி வந்துவிட்டார். யார் சொன்னது என்று தெரியவில்லை. மகள் வேறு. நேரே அந்தப் பக்கத்தின் முன்னால் நின்று, கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு, மேலிருந்து கீழே படித்தார். டொமினிக் சுவரோரம், கையைக் கட்டிக்கொண்டு. ஆன்ட்டி பேசுவார் என்று காத்திருந்த மாதிரி.

ஆன்ட்டி மகளிடம் சத்தமாகத்தான் சொன்னார்: "பாரேன். இந்த வியாதி வந்தா இப்படியெல்லாம் தோணுமாம். வளர்த்த அக்காவே வெஷம் வைக்கிற மாதிரி. ஸ்டெல்லா எவ்வளவு தாங்கிக்கிறா பாவம்."

டொமினிக் என்னைப் பார்த்தான். இந்தத் தடவை கண்ணை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனேன். "தோணல ஆன்ட்டி" என்றேன். "அது என் கை."