கொக்கோப் பூவும் கொசுப் புகையும்

வைகாசி 6, செவ்வாய்

கொசுப் புகை அடிக்கிறவரிடம் இன்று கூசாமல் ஒரு பொய் சொன்னேன்.

எல்லாம் என் வீட்டுக்காரருடைய கொக்கோ மரத்தால் வந்தது. பொள்ளாச்சியிலிருந்து கன்றாக மடியில் வைத்துக் கொண்டுவந்து, கொரட்டூர் வெயிலில், கொல்லைத் தென்னைக்குக் கீழே நட்டார். போன வருஷம் பூ அத்தனையும் கருகிக் கொட்டியது. இந்த வருஷ வெயில் இன்னும் மோசம். என் நூல் புடவையை நனைத்து நனைத்துச் சுற்றி, எப்படியோ அடிமரத்தில் கொஞ்சம் பூவைக் காப்பாற்றிவிட்டார். அதைக் காயாக்குகிற பூச்சி கண்ணுக்கே தெரியாதாம். அழுகின வாழைமட்டையில்தான் வளருமாம். அதனால் சமையலறை ஜன்னலுக்கு நேரே ஒரு குவியல். நாற்றம் தாங்கவில்லை. எனக்குக்கூட இந்த மனுஷன் இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்ததில்லை.

சாயங்காலம் இவர் வேலையிலிருந்து வருவதற்குள் புகைக்காரர் வந்துவிட்டார். புகை பட்டால் கொசுவோடு அந்தப் பூச்சியும் போய்விடும்.

"அக்கா, கேட்ட தொற. பின்னாடி அடிச்சிட்டு பூட்றேன்."

"வேணாம்ப்பா, உள்ள கைக்குழந்தை இருக்கு."

"இன்னாக்கா, கொசு தாங்கலன்னு போன வாரம் நீதானே போன் போட்டு கத்துன?"

அசடு வழிந்தேன். ஆனால் கேட்டைத் திறக்கவில்லை.

இவர் வந்ததும் டார்ச்சோடு மரத்தடிக்குப் போனார். "பொகை அடிக்க வரல போல, நல்லவேளை" என்றார். "ஆமா" என்றேன்.

இப்போது காதோரம் கொசு. பக்கத்தில் இவர் குறட்டை. கொசுவர்த்தியை எடுத்தேன். ஜன்னல் மரத்துப் பக்கம்தான் திறந்திருக்கிறது. ஏற்றாமல் வைத்துவிட்டேன்.