மூடிக்கு ஓர் ஆணி

மார்ச் 3

அன்புள்ள துணைவிக்கு,

இங்கு நலம். உன் வலக்கைக் கொப்புளங்கள் வற்றினவா?

சமையலறைக் கூரை கருகியதால், நேர்ந்ததை எழுத்தில் தருமாறு வீட்டுக்காரர் கேட்டார், தந்தேன். நகல் இணைத்துள்ளேன். ‘எண்ணெய் காய்ந்துகொண்டிருக்கையில் என் மனைவி அடுப்பை விட்டு அகன்றார். எண்ணெய் தீப்பற்றியது. அவர் கை வெந்தது.’ இதில் பொய்யான சொல் ஒன்றுமில்லை. ஆயினும் பத்து நாட்களாக நீ உன் அண்ணன் வீட்டிலேயே தங்கியிருப்பதன் காரணத்தை என்னால் ஊகிக்க மட்டுமே முடிகிறது.

உன் கணவன்

மார்ச் 8

வக்கீல் ஐயாவுக்கு,

இடக்கையால் எழுதுகிறேன். கோழி கிறுக்கினாற்போல் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நகல் படித்தேன். நான் ஏன் அகன்றேன்? “சாட்சிக் கையெழுத்து ஒண்ணு, ஒரு நிமிஷம் வா” என்று கூப்பிட்டது யார்? தீயைப் பார்த்ததும் ஓடி வந்து அடுப்பை அணைத்தேன். மூடிகளை அளவுவாரியாக அடுக்கி மேல்தட்டில் வைத்தவர் நீங்கள். “மூடி எடுக்கிறேன், தண்ணி ஊத்தாதீங்க!” என்று முக்காலியில் நின்று கத்தினேன். சொம்போடு ஊற்றினீர்கள். கூரைவரை எழும்பியது தீ; என் கை அதில்தான் வெந்தது. அந்தச் சொம்பு உங்கள் நகலில் எங்கே?

“கவனமில்லாத பொம்பளை” என்று வீட்டுக்காரர் சொன்னபோது பக்கத்தில்தானே நின்றீர்கள்? கை ஆறிவிடும்.

“மாப்பிள்ளை சொம்பைக்கூட சாட்சி வச்சாத்தான் ஒத்துக்குவாரு போல” என்கிறார் அண்ணன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான்

மார்ச் 17

அன்புள்ள துணைவிக்கு,

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். மறுக்க ஒரு வரியும் இல்லை.

திருத்திய வாக்குமூலத்தை நேற்று வீட்டுக்காரரிடம் நானே வாசித்தேன்: ‘அழைத்தவன் நான். தடுத்தும் தண்ணீர் ஊற்றியவன் நான். என் மனைவி செய்த அனைத்தும் சரி.’ “வக்கீல் சார், நீங்களே இப்படி எழுதிக் குடுக்கலாமா?” என்றார். “முதல் தடவையே இப்படித்தான் எழுதியிருக்கணும்” என்றேன்.

தீயணைப்பு நிலையத்துக்கும் சென்றேன். காய்ந்த எண்ணெயில் விழும் தண்ணீர் நொடியில் ஆவியாகி, எரியும் எண்ணெயையே வாரி இறைக்குமாம். முடிந்தால் அடுப்பை அணைத்து, மூடியைப் பக்கவாட்டில் நகர்த்தி மூடி, ஆறும்வரை திறக்காதிருக்க வேண்டும். வாணலியைத் தூக்கவே கூடாது. கட்டுக்கு அடங்காவிட்டால் கதவைச் சாத்தி வெளியேறி அவர்களை அழைக்க வேண்டும். நீ சொன்னதைத்தான் அவர்களும் சொன்னார்கள். நான் கேட்கவில்லை.

பெரிய மூடியை இறக்கிவிட்டேன். அடுப்புக்கு நேர்பின்னே சுவரில் ஆணி அடித்து மாட்டியிருக்கிறேன். மன்னிக்கக் கோருகிறேன்; கோர உரிமை உண்டா என்பதை உன் முடிவுக்கே விடுகிறேன்.

உன் கணவன்

மார்ச் 21

ஏங்க,

அடுப்புக்குப் பின்னாலா ஆணி? தீக்கு மேல் கையை நீட்டி யார் எடுப்பது? பிடுங்கிவிட்டுக் கதவோரமாக அடியுங்கள். இடப்பக்கம். என் வலக்கை இன்னும் மடங்கவில்லை.

ஞாயிறு காலை வருகிறேன். எட்டுகிறதா என்று நானே பார்க்க வேண்டும்.