பனி இறங்காத தை

பிப். 9, திங்கள்

ஆரணியை விட்டுக் கிளம்பும்போதே வியர்வை. இன்னும் விடியவில்லை. தை மாதம் என்று சொன்னால் சிரிப்பார்கள்.

இன்றைய வேலை: போளூர் பக்கம் காப்புக்காட்டு எல்லையில் தீத்தடுப்புக் கோடு. ஓரப் புல்லைப் பட்டையாக எரித்துவிட்டால் கோடைத் தீ அதைத் தாண்டாது. தை முடிவதற்குள், அதிகாலைப் பனி ஈரத்தில் எரிக்க வேண்டும். ஈரம் இருந்தால் பக்கத்துப் புல் பிடிக்காது.

புல்லைத் தடவினேன். கை நனையவில்லை.

வாட்சர் முனுசாமி: "பனியே இல்ல மேடம். ஒரு வாரம் பாத்துகினு செய்யலாமே."

இன்றைக்குள் போட்டோ அனுப்பச் சொல்லி ரேஞ்சர் உத்தரவு. "பதினோரு வருசமா தையிலதான் எரிக்கிறேன், ஒண்ணும் ஆவாது" என்றேன். தீக்குச்சி கிழித்தது நான்தான்.

ஏழரைக்குக் காற்று. எட்டு மணிக்குத் தீ மலைமேல்.

ஆடு மேய்க்கும் ஏழுமலை எங்கிருந்தோ ஓடி வந்தார். தழை ஒடித்து எங்களோடு சேர்ந்து அடித்தார். அடங்க மதியம் ஆனது. அவருடைய வலது உள்ளங்கை வெந்துவிட்டது.

பிப். 10, செவ்வாய்

தலைக்கு மூன்று முறை குளித்தும் புகை வாடை. முடியிலா, மூக்கிலா? பக்கத்து வீட்டுப் பவர்லூம் சத்தம்கூடப் புல் வெடிக்கிற மாதிரி.

வாங்க: பால், ஷாம்பு, ரிப்போர்ட்டுக்கு வெள்ளைத்தாள்.

எரிந்த இடத்தை அளக்கப் போனோம். ஆமை ஓடுகள் ஐந்து. ஐந்தும் மேட்டைப் பார்த்தபடி. ஓடிப் பார்த்திருக்கின்றன. அதற்கு மேல் தேடவில்லை.

ரிப்போர்ட்டில் 'தீயின் காரணம்: தெரியவில்லை.' கோழைத்தனம். மனசு கேட்காமல் கீழே ஒரு வரி: 'தீயணைக்க உதவியவர் ஏழுமலை. உள்ளங்கையில் தீக்காயம்.'

பிப். 12, வியாழன்

சாயங்காலம் ரேஞ்சர் போன். "ஆள் கெடச்சிட்டாம்மா. கையில தீக்காயம்னு நீயே எழுதியிருக்கியே. பீடி குடிச்சிட்டுப் போட்டிருப்பான். இட்டுகினு வந்தாச்சு."

"சார், அவரு அணைக்க வந்தவரு."

"அப்போ வெச்சது யாரு?"

"சார், அது..." என்று இழுத்தேன். போனை வைத்துவிட்டார். எரிக்கச் சொன்னவருக்குத் தெரியாதா?

நன்றி சொல்ல எழுதிய வரி. அதை வைத்தே அவரைப் பிடித்துவிட்டார்கள்.

ராத்திரி என் வீட்டுக்காரர்: "பேயறஞ்ச மாதிரி கீறியே, இன்னா ஆச்சு?" ஒன்றுமில்லை என்றேன். கண்ணை மூடினால் அந்த ஓடுகள்.

பிப். 13, வெள்ளி

காலையில் ஏழுமலை வீடு. தேவிகாபுரம் போகிற வழி. அவர் மனைவி ராணி என்னைப் பார்த்ததும் நாற்காலி எடுத்துப் போட்டார். அதைத்தான் தாங்க முடியவில்லை.

"அவரு பயப்படலீங்க. மேடம் கூடவே இருந்தாங்க, அவங்க சொல்லிடுவாங்கன்னு சொல்லிகினேதான் போனாரு."

பட்டியில் ஆடுகள் கத்திக்கொண்டிருந்தன. இலை தழை எதுவும் இல்லை.

அங்கிருந்து நேராக ஆபீஸ். வழியில் மலைப் பக்கம் திரும்பவில்லை. வண்டிக் கண்ணாடியில் கறுப்பாகத் தெரிந்துகொண்டே வந்தது.

எழுதிக் கொடுத்தேன்: 'பனி இல்லை என்று தெரிந்தும் தீ மூட்டியது நான்.' சாட்சி முனுசாமி. ரேஞ்சர் இரண்டு முறை படித்தார். "வேலை போயிடும்மா, தெரியுதா?" தெரிகிறது. தாளைத் திரும்ப வாங்கவில்லை.

மாலை ஏழுமலையை விட்டார்கள். திட்டுவார் என்று ஆபீஸ் வாசலிலேயே நின்றேன். திட்டியிருந்தால் தேவலை. கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் கும்பிட வந்தார். பிடித்து நிறுத்தினேன்.

"அடுத்த வருசம் என்னிக்குக் கொளுத்துவீங்கன்னு முன்னாடியே சொல்லிடுங்க மேடம். ஆட்ட அந்தாண்ட ஓட்டிகினு போயிடறேன்."

அடுத்த வருடம் நான் இருப்பேனா என்பது வேறு. தேதி சொல்ல வாயைத் திறந்தேன். தையிலேயே பனி இல்லை. ஒரு தேதியும் வரவில்லை.